படைக்காத பொங்கல்



மார்கழிப் பனி குறைந்து தை நெருங்கினால் போதும், நம் சபையில் ஒரே கேள்வி நாலு வாயிலிருந்து நாலு விதமாக வரும். "ஐயா, பக்கத்து வீட்டுல பொங்கல் குடுத்தா வாங்கலாமா?" "பாஸ்டர், மாமியார் வீட்டுல எல்லாரும் கூடுறாங்க. போகலேன்னா சண்டை. போனா எங்க நிக்கிறது?" "பிரதர், பிள்ளைக கரும்பு கேக்குதுக. வாங்கிக் குடுத்தா தப்பா?" தீபாவளி வந்தால் இதே கேள்வி அதிரசத்தின் பேரில் வரும். ஆயுத பூஜை வந்தால் பொரிகடலையின் பேரில் வரும். வாரத்தில் ஆறு நாள் மோட்டார் வைண்டிங் கடையில் உட்கார்ந்திருக்கிறவன் நான். பக்கத்துப் பட்டறைக்காரர் தட்டில் பொரியோடு சிரித்த முகமாய் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று நானும் தடுமாறியிருக்கிறேன்.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கப் போனபோது இதற்கு ஒரு நேரான பதில் கிடைக்கும் என்று நினைத்தேன். வசனங்கள் கிடைத்தன. பதில் கிடைக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. அதற்கு நான் கொடுத்த விலையைத்தான் இந்த மாதம் உங்களுக்கு எழுதுகிறேன். சாட்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாவ அறிக்கை என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

தூக்குவாளி

2001-ம் வருஷம் கர்த்தர் என்னை இரட்சித்தார். எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். ஆத்தாவும் அக்காவும் கிராமத்தில், கண்மாய்க்கரை ஓரத்து ஓட்டு வீட்டில் இருந்தார்கள். நான் காரைக்குடியில் இரண்டு விசுவாசி வாலிபரோடு ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். 2002 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. போகமாட்டேன் என்று முன்னமே சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் ஆத்தா நிற்கிறாள். டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் வெள்ளைத் துணி கட்டிய தூக்குவாளி.

"அய்யா, நீ வரமாட்டேன்னுட்ட. அதான் நானே கொண்டாந்தேன். இது சாமிக்கு வச்சது இல்லப்பா. தனியா ஒரு சின்னப் பானையில உனக்குன்னு பொங்குனது. வச்சுக் கும்புடுறதுக்கு முன்னாலயே எடுத்து மூடிட்டேன்."

பின்னால் அந்த இரண்டு வாலிபரும் நிற்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வைராக்கியம் கொதிக்கிற வயது. நான் சொன்னேன்: "விக்கிரகத்துக்குப் படைச்ச வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம். கொண்டு போ."

ஆத்தா ஒன்றும் பேசவில்லை. உள்ளே வரவும் இல்லை. ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதே தூக்குவாளியோடு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தாள். அந்த வாரம் வாலிபர் கூட்டத்தில் இதை நான் சாட்சியாகச் சொன்னேன். எல்லாரும் கைதட்டி அல்லேலூயா சொன்னார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஜெயம் எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வேதம் என்ன சொல்லுகிறது?

பிரியமானவர்களே, அன்றைக்கு நான் காட்டிய வைராக்கியத்தில் அறிவு எவ்வளவு இருந்தது என்று பார்ப்போம். 1 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தையும் 10-ம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். கொரிந்து பட்டணம் நம் ஊரைப் போலத்தான். தெருவுக்குத் தெரு கோயில். கடையில் விற்கிற இறைச்சியில் எது கோயிலில் படைத்தது, எது படைக்காதது என்று யாருக்கும் தெரியாது. பவுல் அங்கே இரண்டு காரியத்தைப் பிரித்துச் சொல்லுகிறார். கோயில் பந்தியில் உட்கார்ந்து அந்த வழிபாட்டில் பங்கு எடுக்கக் கூடாது. அதில் தளர்வே இல்லை. ஆனால் கடையில் விற்கிறதையோ, அவிசுவாசி ஒருவன் வீட்டுக்கு அழைத்துப் பரிமாறுகிறதையோ துருவித் துருவிக் கேட்காமல் சாப்பிடலாம். அந்த மனுஷனே, இது படைத்தது என்று சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காக விட்டுவிட வேண்டும்.

கவனியுங்கள், அப்போஸ்தலர் 15-ல் எருசலேம் மூப்பர்கள் விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றை விலக்கச் சொன்னார்கள். பவுல் அதைத் தள்ளிவிடவில்லை. ஆராதனை வேறு, ஆகாரம் வேறு என்று விளக்கினார். படையலுக்கு முன் நிற்கிறதும், கும்பிடுகிறதும், தெரிந்தே பிரசாதத்தைக் கையேந்தி வாங்குகிறதும் ஆராதனை. ஜீவனுள்ள தேவனை அறிந்தவர்கள் அதில் பங்கு எடுக்க முடியாது. இதில் நான் முன்னே எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கிறேன்.

ஆனால் என் ஆத்தா என்ன செய்தாள்? வேதம் வாசிக்கத் தெரியாத அந்தக் கிராமத்து மனுஷி, மகனுடைய மனச்சாட்சியை மதித்து, கும்பிடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்தாள். அதைத் தன் வாயாலேயே சொன்னாள். பவுல் கொரிந்து சபையாருக்கு இரண்டு அதிகாரம் எழுதிக் கற்றுக்கொடுத்த கரிசனையை அவள் ஒரு சின்னப் பானையில் செய்து காட்டினாள். கல்லூரியில் படித்த எனக்கு இது விளங்க எத்தனை வருஷம்!

மாற்கு 7-ல் இயேசு 'கொர்பான்' என்ற வழக்கத்தைக் கண்டிக்கிறதை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டியதைச் செய்யாமல், அது தேவனுக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை ஆண்டவர் அங்கே விடவில்லை. நான் தேவனுடைய பேரைச் சொல்லி ஒரு தாயை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். என் கொர்பான் ஒரு தூக்குவாளி.

வேரைத் தோண்டினால்

"பாஸ்டர், பொங்கலோட வேரே சூரிய நமஸ்காரம்தானே? வேர் அசுத்தம்னா கிளையும் அசுத்தம்தானே?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வேரைத் தோண்ட ஆரம்பித்தால் எல்லா வேரையும் தோண்ட வேண்டும்.

டிசம்பர் 31 இரவு முழுஇரவு ஜெபம் வைத்து ஜனவரியை ஸ்தோத்திரத்தோடு வரவேற்கிறோம். அந்த மாதத்தின் பேரே ரோமருடைய ஜானுஸ் என்ற தெய்வத்தின் பேரில் வந்தது. டிசம்பர் 25-ல் கிறிஸ்து பிறப்பு கொண்டாடியதற்கு ரோமாபுரியில் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு கி.பி. 336-ஐச் சேர்ந்தது. அதற்கு முந்தின விசுவாசிகள் அந்த நாளை ஆசரித்ததாகத் தெளிவான குறிப்பு இல்லை. அதனால்தான் பெந்தெகொஸ்தே சபைகளிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களும் உண்டு, கொண்டாடாதவர்களும் உண்டு. ஒருவரையொருவர் நாம் சபைக்குப் புறம்பாக்குகிறோமா? இல்லையே. தானியேல் பாபிலோனில் இருந்தபோது ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றான். ஆனால் பேல் தெய்வத்தின் பேர் ஒட்டிய 'பெல்தெஷாத்சார்' என்ற பேரை அவனுக்கு வைத்தார்கள். அந்தப் பேரோடேயே அரமனையில் சேவித்தான்.

2008-ல் தமிழ்நாடு அரசு தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் போட்டது. 2011-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்து மறுபடி சித்திரைக்கே கொண்டுபோனார்கள். சட்டம் போனது, வந்தது. நெல் மட்டும் எப்போதும் போல தையில்தான் களத்துக்கு வந்தது. விளைச்சலைக் கண்டு மனுஷன் சந்தோஷப்படுவதை எந்தச் சட்டமும் உண்டாக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை யாருக்குச் செலுத்துகிறான் என்பதுதான் வேதம் கேட்கிற கேள்வி.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் சபையின் பேர் என்ன? பெந்தெகொஸ்தே. அது எந்த நாள்? யாத்திராகமம் 34-ல் சொல்லியிருக்கிற கோதுமை அறுப்பின் பண்டிகை. பரிசுத்த ஆவியானவர் அப்போஸ்தலர்மேல் இறங்கினது ஒரு அறுப்புப் பண்டிகை நாளில்! அந்தப் பண்டிகையைப் பற்றி லேவியராகமம் 23-ல் சொல்லி முடித்த கையோடு, வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடக் கர்த்தர் கட்டளையிடுகிறார். உபாகமம் 16-ல் பண்டிகைப் பந்தியில் யார் யார் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. தேவன் பண்டிகையை அளக்கிற படி இதுதான். யாருக்குப் படைத்தாய் என்று கேட்கிறார். உன் பண்டிகையில் யார் வயிறு நிறைந்தது, யார் கண்ணீர் விட்டது என்றும் கேட்கிறார். நான் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு முழு மார்க் எதிர்பார்த்தேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி

இப்போது சொல்லக் கூசுகிற காரியத்துக்கு வருகிறேன்.

2006-ல் எனக்குக் கல்யாணம். விசுவாசக் குடும்பத்துப் பெண். சபையில் வைத்து, மேளம் இல்லை, நல்ல நேரம் பார்க்கவில்லை, வாசலில் வாழைமரம்கூட வேண்டாம் என்று நானே கண்டிப்பாகச் சொன்னேன். "உலக வழக்கம் ஒன்றும் உள்ளே வரக்கூடாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் பதினைந்து பவுன் நகையும் ஒரு மோட்டார் சைக்கிளும் உள்ளே வந்தன. நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. வேண்டாம் என்று வாயைத் திறக்கவும் இல்லை. "அவங்க பொண்ணுக்கு அவங்க செய்றாங்க" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் புது வண்டியில் ஏறி ஊழியத்துக்குப் போனேன். "கர்த்தர் எனக்கு வாகனம் கொடுத்தார்" என்று சபையில் சாட்சி சொன்னேன்.

கர்த்தர் கொடுத்தாரா? என் மாமனார் கண்மாய்ப் பாசனத்தில் இருந்த தன் வயலை விற்று அந்த வண்டியைக் கொடுத்தார். இது எனக்குத் தெரிய வந்தது பல வருஷம் கழித்து. தெரிந்துகொள்ள நான் முயற்சியும் செய்யவில்லை. ஆத்தாவின் பொங்கல் எங்கிருந்து வந்தது, எந்த அடுப்பில் வெந்தது, யாருக்கு முன் வைத்தது என்று அத்தனையும் விசாரித்தவன், மோட்டார் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

பொருளாசையும் விக்கிரகாராதனைதான் என்று கொலோசெயர் 3:5-ல் பவுல் எழுதுகிறார். உவமையாகச் சொல்லவில்லை, அப்பட்டமாகச் சொல்லுகிறார். அப்படியானால் நான் வாங்கின மோட்டார் சைக்கிள்தான் விக்கிரகத்துக்குப் படைத்தது. ஆத்தா கொண்டுவந்த பொங்கல் படைக்காதது. படைக்காததைத் தள்ளினேன். படைத்ததை ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொண்டேன்.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறை என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. நாட்டுச் சட்டமே பாவம் என்று கண்டுகொண்டதை, அந்நிய பாஷை பேசுகிற நாம் கண்டுகொள்ளவில்லை. நம் சீமை சீர்வரிசைக்குப் பேர்போன சீமை. பித்தளை அண்டா முதல் கடுகு டப்பா வரை வரிசையாக வைத்துப் பார்க்கிற ஊர். பெரிய வீடுகளில் அது பெருமை. அதைப் பார்த்து நடக்கிற எளிய வீடுகளில் அது கடன். விசுவாசி வீட்டில் அதற்கு ஒரு ஆவிக்குரிய பேர் வைத்திருக்கிறோம்: "ஆசீர்வாதம்".

பண்பாடா, பாவமா?

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் வாலிபர்கள் கூடியபோது நம் சபைப் பிள்ளைகளும் என்னிடம் வந்தார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். "ஐயா, இது நம்ம பண்பாடா, இல்ல பாவமா?" என்றார்கள். "உலகம் உலகத்தானுக்கு" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டேன். அந்த வருஷமே தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றங்கள்கூட இத்தனை வருஷம் உட்கார்ந்து யோசித்த கேள்விக்கு நான் ஒரு நிமிஷத்தில் பதில் சொன்னேன். இன்று அந்தப் பிள்ளைகள் வந்தால் சொல்லுவேன்: "தம்பி, கோயில் காளைக்கு முன்னால கையெடுத்துக் கும்புடாத. காளையை அடக்குறேன்னு உசுரைப் பணயம் வச்சு உன் ஆத்தாவை அழவிடாத. மத்தபடி மாட்டை நேசிக்கிறதும் மண்ணை நேசிக்கிறதும் பாவம் இல்ல."

'பண்பாடு' என்ற வார்த்தைக்குள் நல்லதும் கெட்டதும் ஒரே சாக்கில் கட்டிக் கிடக்கிறது. சாக்கோடு எறிகிறவனும் தப்பு செய்கிறான், சாக்கோடு சுமக்கிறவனும் தப்பு செய்கிறான்.

இதற்குப் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864) நம்மில் அநேகர் அறிவார்கள். அவருடைய கீர்த்தனைகளைத் தமிழ்ச் சபைகள் இன்றும் பாடுகின்றன. 1820-களில் புதிதாக வந்த மிஷனரிமாருக்கும் அவருக்கும் பெரிய வழக்கு. கல்யாணத்தில் பூ கூடாது என்றார்கள் மிஷனரிமார். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனையைக் குறைத்தார்கள். சாதி வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து ஒன்றாய்த் திருவிருந்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சாஸ்திரியார் இவை மூன்றையும் ஒரே மூச்சில் எதிர்த்தார். பூவும் எங்கள் வழக்கம், பாட்டும் எங்கள் வழக்கம், சாதியும் எங்கள் வழக்கம் என்பது அவர் வாதம்.

பாருங்கள், பூவிலும் பாட்டிலும் சாஸ்திரியார் சரி. பூ வைத்த ஒரு பெண்ணால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மிஷனரிமார் தங்கள் ஊர் ரசனையைச் சுவிசேஷம் என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் சாதியில் சாஸ்திரியார் தவறினார். பின்னால் தள்ளி உட்காரவைக்கப்பட்ட சகோதரனுக்கு அது வழக்கம் அல்ல, அவமானம். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவு அனுப்பினபோது, தஞ்சாவூரில் அநேகர் சபையை விட்டே விலகிப் போனார்கள். பூவை விடச் சொன்னபோது முணுமுணுத்தவர்கள் சாதியை விடச் சொன்னபோது எழுந்து போனார்கள்.

நாம் அவர்களைவிட எவ்வளவு முன்னேறியிருக்கிறோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். வரன் தேடுகிற விசுவாசிகள் என்னிடம் சொல்லுகிற வார்த்தை இது: "இரட்சிக்கப்பட்டு, அபிஷேகம் பெத்த பொண்ணா வேணும் பாஸ்டர்." ஸ்தோத்திரம். அப்புறம் குரலைத் தாழ்த்தி: "ஆனா நம்ம ஆளுகளா இருக்கணும்." பொட்டைத் துடைத்துவிட்டோம். பூவை எடுத்துவிட்டோம். நகையையும் கழற்றிவிட்டோம். நெற்றியில் இருந்தது போயிற்று, நெஞ்சில் இருந்தது அப்படியே இருக்கிறது.

நம் சீமையிலே விசுவாசம் இரத்தம் சிந்தின ஒரு இடம் உண்டு, ஓரியூர். இன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1693 பிப்ரவரி 4-ல் ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தரை அங்கே தலை வெட்டினார்கள். அவர் ரோமன் கத்தோலிக்கர், உபதேசத்தில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் அவர் எதற்காகச் செத்தார் என்று பாருங்கள். தடியத்தேவர் என்ற சிறுவல்லிப் பிரபு ஞானஸ்நானம் பெற்றபோது, ஒரே மனைவியோடு வாழ்வேன் என்று தீர்மானித்து மற்ற மனைவிமாரை விலக்கினார். அதில் ஒருத்தி சேதுபதி ராஜாவின் உறவுக்காரி. அவள் முறையிட்டதில்தான் பிரிட்டோ பிடிபட்டார். விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் துக்கம் தனியாக யோசிக்க வேண்டிய காரியம், அதையும் லேசாகக் கடந்துபோக மாட்டேன். ஆனால் ஒன்று விளங்குகிறது. இந்த மண்ணில் சுவிசேஷம் விலை கேட்ட இடம் அடுப்பங்கரைப் பானை அல்ல. கல்யாணமும் குடும்பமும்தான். இன்றும் அங்கேதான் கேட்கிறது. நாமோ பானையிலேயே நின்றுவிட்டோம்.

அப்படியானால் என்ன செய்வது?

நியாயப்பிரமாணம் எழுதிக்கொடுக்க நான் மோசே அல்ல. ஆனாலும் மேய்ப்பன் என்று கூப்பிடுகிறீர்கள், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஆராதனையில் பங்கு எடுக்காதீர்கள். மாமியார் வீட்டில் படையல் நடக்கும்போது மரியாதையாக வெளியே இருங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். முன்னாலேயே போய் அரிசி புடைத்துக் கொடுங்கள், பாத்திரம் கழுவிக் கொடுங்கள், மத்தியானப் பந்தியில் பரிமாறுங்கள். கும்பிடாத மருமகள்தான் அதிகம் உழைத்தாள் என்று அந்த வீடு சொல்லட்டும். 2 இராஜாக்கள் 5-ல் நாகமான் தன் எஜமானுக்குக் கைகொடுத்து ரிம்மோன் கோயிலுக்குள் போகவேண்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, எலிசா அவனைத் திட்டி அனுப்பவில்லை, சமாதானமாகத்தான் அனுப்பினார். புதிதாக வந்த ஆத்துமாக்கள் இருக்கிற இக்கட்டை மூத்த விசுவாசிகள் நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, அன்பாகக் கொடுத்த ஆகாரத்தை அன்பாகவே நடத்துங்கள். என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு ஆச்சி இருக்கிறார்கள். தீபாவளிக்குத் தேன்குழலும் மனகோலமும் கொடுத்தனுப்புவார்கள். கிறிஸ்துமஸுக்கு நாம் இயேசுவின் நாமத்தில் ஜெபித்து அனுப்புகிற பிரியாணியையும் கேக்கையும் அந்த ஆச்சி வீட்டில் ஒரு வருஷமாவது திருப்பி அனுப்பினார்களா? "இது உங்க சாமிக்கு முன்னால ஜெபம் பண்ணினதா?" என்று கேட்டார்களா? படைத்தது என்று அவர்களே சொன்னால், "ஆச்சி, மன்னிச்சுக்கங்க, எங்க மனச்சாட்சிக்கு இது ஆகாது, உங்க அன்புக்கு ஒண்ணும் குறைவில்ல" என்று கைகூப்பிச் சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால் ஸ்தோத்திரம் செய்து சாப்பிடுங்கள்.

மூன்றாவது, பலவீனமான சகோதரரை நினையுங்கள். முன்னே சாமியாடி, கட்டுகளில் கிடந்து, கர்த்தர் விடுவித்தவர்கள் நம் நடுவில் உண்டு. அவர்களுக்குச் சூட வாசனையே பழைய பயத்தைக் கிளப்பும். அவர்கள் முன்னிலையில் நான் அந்தப் பலகாரத்தைத் தொடமாட்டேன். அவர்களும் சாப்பிடுகிறவனை அவிசுவாசி என்று தீர்க்க வேண்டாம். ரோமர் 14-ம் அதிகாரம் இரண்டு பக்கத்தாருக்கும் எழுதினதுதான்.

நாலாவது, இதுதான் என் பாரம். ஒரு வழக்கத்தை ஏற்பதற்கு முன்னும் தள்ளுவதற்கு முன்னும் பானையை விசாரித்ததுபோல் வண்டியையும் விசாரியுங்கள். இது யாருக்குப் படைத்தது? இதற்காக யார் அழுதார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகளின் கல்யாணத்தில் "நாங்க எதுவும் கேக்கல" என்றால் போதாது. "எதுவும் வேண்டாம்" என்று சொல்லுங்கள். "நம்ம ஆளுக" என்ற வார்த்தையை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். கிறிஸ்துவின் இரத்தத்தால் ஒன்றான பிறகு நம் ஆளுகள் யார் என்று சந்தேகம் ஏன்?

நான் சொல்லிவிட்டுப் போக முடியாது அல்லவா? 2016-ல் மாமனார் வீட்டுக்குப் போனேன். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காப்பியைக் குடிங்க மாப்ளே, ஆறிரும்" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் மாதாமாதம் என்னால் முடிந்ததை வயலின் கணக்கில் அவருக்குக் கொடுத்துவருகிறேன். இன்னும் முடியவில்லை. வயல் திரும்பவில்லை, அதில் இப்போது வீடு எழும்பிவிட்டது. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான். நான் ஒரு மடங்கையே இன்னும் முடிக்கவில்லை.

2016-ல் எனக்கு ஏன் அந்தக் கண் திறந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முந்தின வருஷம் ஆத்தா போய்விட்டாள். அடுத்த பொங்கலுக்கு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, துக்க வீடாய் இருந்த ஊருக்குப் போனேன். துக்கம் என்பதால் அந்த வருஷம் வீட்டில் பொங்கல் இல்லை. அக்கா பரணிலிருந்து ஒரு சின்ன வெண்கலப் பானையை இறக்கி என் முன் வைத்தாள்.

"இது உன் பானைடா. நீ வரலேன்னாலும் வருசா வருசம் ஆத்தா தனி அடுப்புல இதுல பொங்கும். கும்புடுறதுக்கு முன்னால எடுத்து மூடி உள்ள வச்சிரும். இருட்டுறவரைக்கும் வாசலப் பாக்கும். அப்புறம் தெருப் பிள்ளைகளக் கூப்புட்டுக் குடுத்துரும். ஏன் ஆத்தா இந்த வேலைன்னு கேட்டா, அவன் சாமி கோவிச்சுக்கக் கூடாதுல்லன்னு சொல்லும்."

பதின்மூன்று பொங்கல். என் தேவன் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று, அவரை அறியாத என் தாய் பதின்மூன்று வருஷம் பயபக்தியாய் ஒரு பானையைத் தனியே வைத்தாள். அவரை அறிந்த நான் ஒரு வருஷமாவது அவளுக்கு அவரைக் காட்டினேனா? அந்த வாசலில், அந்தத் தூக்குவாளியை வாங்கி, "உள்ள வா ஆத்தா" என்று சொல்லியிருந்தால், சுவிசேஷம் சொல்ல எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கக் கிடைத்திருக்கும்.

பிரியமானவர்களே, உங்கள் தாய் தகப்பன் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா? இரட்சிக்கப்படாதவர்களாகவே இருக்கிறார்களா? இந்தத் தைக்கு ஊருக்குப் போங்கள். படையலில் நிற்காதீர்கள், வாசலிலும் நின்றுவிடாதீர்கள். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். காலம் கொஞ்சம்.

அந்த வெண்கலப் பானை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அறுப்பின் ஸ்தோத்திர ஆராதனை நாளில் என் மனைவி அதில் பொங்கி, சபைக்கு வருகிற விதவைத் தாய்மாருக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறாள். ஆத்தா கொடுத்ததைப் போலவே.

ஜெபிப்போமா? பரம தகப்பனே, உமது பேரைச் சொல்லி நாங்கள் புண்படுத்தின எங்கள் வீட்டாரிடத்தில் எங்களைத் திரும்ப அனுப்பும். உமக்கு ஆகாததை விடுகிற பரிசுத்தத்தைத் தாரும். உமக்கு ஆகாததை ஆசீர்வாதம் என்று சொல்லி நாங்கள் வைத்திருப்பதையும் எங்களுக்குக் காட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் வருகிறார், ஆயத்தமாயிருங்கள். மாரநாதா!